ராசம்மாவின் நாலாவது சுவர்

தேயிலை விளைகிற மலையில், போன இடத்தில் ஒரு வாய் டீ குடிக்க முடியாத உத்தியோகம் சர்வேயர் உத்தியோகம். எல்லைத் தகராறு என்று அளக்கப் போகிறோம். இந்த வீட்டில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தால், சர்வேயரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று அந்த வீட்டுக்காரர் மனு எழுதுவார். இரண்டு வீட்டிலும் குடித்துவிட்டால் போயிற்று என்பீர்கள். குடித்துப் பார்த்தேன். முதலில் எந்த வீட்டில் குடித்தேன் என்று ஒரு மனு வந்தது.

பக்கத்து வீடு என்று ஒன்று உள்ள எல்லோரும் என் கட்சிக்காரர்கள்தான். அவர்கள் வீட்டு ஓட்டுத் தண்ணீர் உங்கள் வாசலில் விழுந்திருக்கும். அவர்கள் வேலி வருஷத்துக்கு ஒரு முழம் உங்கள் பக்கம் நகர்ந்து வந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். உங்களுக்காவது பக்கத்து வீடு ஒன்றுதான். எனக்குத் தாலுகா முழுக்கப் பக்கத்து வீடு.

நான் கோத்தகிரிப் பக்கம் வேலை பார்த்தது, சிலோன் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்கள் கப்பலேறித் திரும்பி வந்துகொண்டிருந்த வருஷங்களில். கட்டபெட்டுக்கு மேலே ஒரு சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி, வந்தவர்களில் சில குடும்பங்களுக்கு மனை கொடுத்திருந்தார்கள். சுவர் எழுப்பக் கடன் உண்டு. சுவர் எழும்பியதும் கூரைக்குத் தகரம் உண்டு. ஆனால் வீடு மனைக்குள்தான் நிற்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் தகரம் வரும். அந்தக் கையெழுத்தைப் போட முடியாமல் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

மூன்று சுவர்

மனு போட்டவர் சின்னசாமி. அருவங்காட்டுப் பேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி தவறிவிட்டார். காலனியின் கடைசி மனையை ஒட்டிச் சொந்தமாக இடம் வாங்கி, மழைத் தண்ணீர் ஓடத் தன் பக்கத்திலேயே நாலடிச் சந்து விட்டு, கருங்கல்லில் வீடு கட்டியிருந்தார். மகளின் பிரசவத்துக்கென்று கோயமுத்தூர் போனவர், பேரனுக்குப் பேர் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் சந்து இல்லை. அந்த இடத்தில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் போய்ப் பார்த்தேன். பக்கத்து மனைக்காரி ராசம்மா, புருஷன் மாரிமுத்துவும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு மண் சுவர், பின்னால் ஒன்று, கோடியில் ஒன்று. கூரைக்குப் பதில் ஒரு பழைய கித்தான். முன் சுவரும் பின் சுவரும் எல்லையைத் தாண்டிப் போய்ச் சின்னசாமியின் கருங்கல் சுவரில் முட்டி நின்றன. அவர் சுவரில் சாத்தித்தான் அடுப்புப் போட்டிருந்தார்கள். அதில் அதற்குள்ளாகவே கரி ஏறியிருந்தது.

எனக்கு மூக்கின் மேல் கோபம். அடுத்தவன் சுவரில் வீடு கட்டுகிற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று சத்தம் போட்டேன். ராசம்மா பயப்படவில்லை, குழம்பித்தான் போனார். அவர் பிறந்து வளர்ந்தது பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே நீளக் கட்டடம். அதில் வரிசையாக அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. அந்த அறைக்குக் காம்பரா என்று பேர். ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். நாலு பக்கமும் தனக்கென்று சுவர் உள்ள வீட்டைத் துரை பங்களாவைத் தவிர அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நாலாவது செவரு அவுங்க கட்டிட்டாங்களே ஐயா. ஒரே எடத்துக்கு ரெண்டு செவரு என்னத்துக்கு?"

சங்கு ஊதாத ஊர்

சின்னசாமியின் மனுவில் இன்னொரு புகாரும் இருந்தது. விடியும் முன்னே தினமும் சுவரைத் தட்டுகிறார்களாம். பேய் பிசாசு என்று எழுதாமல் விட்டாரே என்று நினைத்துக்கொண்டு ராசம்மாவிடம் விசாரித்தேன். தோட்டத்தில் காலையில் ஆள் சேர்த்துப் பேர் கொடுப்பதற்குப் பிரட்டு என்று சொல்வார்கள். பிரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் முதலில் எழுந்தவர் சுவரைத் தட்டி அடுத்த காம்பராவை எழுப்ப வேண்டும், அவர் அதற்கடுத்த சுவரைத் தட்ட வேண்டும். தட்டாமல் போனால் அது பகை என்று அர்த்தம். இங்கே ராசம்மாவுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வேலை கிடைத்திருந்தது. கிளம்பும்போது, பக்கத்து வீட்டு மனுஷரும் வேலைக்குப் பிந்திவிடக் கூடாதே என்று அக்கறையாகத் தட்டியிருக்கிறார்.

இதைச் சின்னசாமியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பகை இல்லை என்பதற்கு அடையாளம்தான் அது என்றேன். அவர் கண் சிவந்திருந்தது, தூக்கம் போதாமல்தான். "ஏனுங்க சார், ஆயுசு பூராச் சங்குச் சத்தத்துக்கு எந்திரிச்சவனுங்க நானு. சங்கே ஊதாத ஊருல தூங்கோணும்னுதானுங்க இங்க வந்து ஊடு கட்டுனேன்."

நூல் கணக்கு

அளக்கிற நாள் வந்தது. என்னோடு செயின்மேன் ஜோகி. படுகர், பேசுவது கொஞ்சம்தான், அதையும் நான் எதிர்பாராத நேரத்தில் பேசுவார். சரிவில் அளப்பது சமவெளியில் அளப்பது போல் இல்லை. சங்கிலியை மட்டமாகப் பிடித்து, முனையில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, படிப்படியாக இறங்க வேண்டும். கோடைத் தூறலும் மூடுபனியும் வேறு. விரல் நுனி மரத்துப்போய், பிடித்திருப்பது சங்கிலியா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு வீட்டிலும் டீ கொதிக்கிற வாசனை. ராசம்மா ஒரு பக்கம் கூப்பிட்டார், சின்னசாமி ஒரு பக்கம் கூப்பிட்டார். நான் மூக்கைப் பொத்தாத குறையாக அளந்தேன்.

நான் அளந்த இடத்தையெல்லாம் சின்னசாமி தன் சொந்த டேப்பை வைத்துப் பின்னாலேயே அளந்துகொண்டு வந்தார். ஓர் இடத்தில் ஒரு நூல் குறைகிறது என்றார். அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம்! நிலத்தை என்ன லேத்தில் கடைந்தா எடுத்திருக்கிறது என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன். அவர் வருத்தப்படவில்லை. மறுபடி அளந்து பார்த்து, நான் சொன்னதுதான் சரி என்றார். அப்படிப்பட்ட மனுஷரிடம் சண்டை போடுவதும் கஷ்டம்.

எல்லையின் மேல் கல்லிலிருந்து கீழ்க் கல்லுக்குக் கயிறு கட்டினோம். கயிறு முன் சுவரின் தலை மேல் ஏறி, கித்தானுக்கு அடியில் புகுந்து, ராசம்மாவின் அடுப்படி வழியாகப் போயிற்று. சின்னசாமியின் சுவரிலிருந்து சரியாக நாலடி. அடுப்பு முழுக்க அவர் இடத்தில். நடுவில் ஒரு கல் நட்டு எல்லையைக் காட்டிவிடலாம் என்று ஜோகியைக் கடப்பாரையோடு உள்ளே அனுப்பினேன். போனவர் அதே வேகத்தில் திரும்பி வந்தார். "சார், கல்லு நடவேண்டிய எடத்துல அந்தம்மா உக்காந்து சோறாக்குது. எந்திரிக்கச் சொல்லட்டுமா, சோறு வெந்தப்புறம் நடட்டுமா?"

கோடிப் பக்கம்

சோறு வேகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று மனையின் அந்தக் கோடியையும் அளந்து பார்த்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். கோடிச் சுவருக்கு அப்பால் ராசம்மாவின் சொந்த இடமே ஒரு பட்டையாகச் சும்மா கிடந்தது. வீட்டை அந்தப் பக்கமாகத் தள்ளிக் கட்டியிருந்தால் இந்தத் தகராறே இல்லை. சின்னசாமியும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். ஆக்கிரமிப்பு வழக்கில் நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்தவர் இடத்தில் ஏறிய ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏன் விட்டீர்கள் என்று ராசம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அடுத்த மனை ஒதுக்கியாகிவிட்டது, குடும்பம் இன்னும் மண்டபம் முகாமிலேயே இருக்கிறது என்றார். யாரென்று தெரியுமா என்றேன். தெரியாதாம். பிறகு, இதெல்லாம் எனக்கு ஏன் தெரியவில்லை என்பதுபோல என்னைப் பார்த்துச் சொன்னார்: "வர்றவங்க எங்க செவத்துல சாத்திக் கட்டட்டும்னுதான் விட்டு வச்சோம் ஐயா. அவுங்களுக்கு ஒரு செவரு மிச்சம்தானே."

ஓதம்

ஒரு வாரம் கழித்து நோட்டீஸில் கையெழுத்து வாங்கச் சின்னசாமி வீட்டுக்குப் போனேன். கட்டில் இடம் மாறியிருந்தது. முன்பு ஜன்னலோரம் கிடந்தது, இப்போது அந்தச் சுவரோரம் கிடந்தது; ராசம்மாவின் அடுப்புக்குச் சரியாகப் பின்னால். கையெழுத்துப் போடும் சாக்கில் நானும் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கதகதவென்று இருந்தது. அந்தக் குளிரில் கையை எடுக்கவே மனசு வரவில்லை. சின்னசாமி என் கையைப் பார்த்தார், நான் அவர் கட்டிலைப் பார்த்தேன். அவராகத்தான் சொன்னார்: "அந்த ஜன்னல் மூலையில ஓதமுங்க சார். வேற ஒண்ணுமில்லீங்க."

தாசில்தார்

அந்தக் கட்டிலை வைத்து எனக்கு ஒரு நம்பிக்கை. சின்னசாமியிடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு தகரத்தைக் கொடுத்துவிடலாமா என்று தாசில்தாரிடம் போனேன். மே மாதம் முடியப்போகிறது. அவலாஞ்சிப் பக்கம் மேகம் கறுக்கத் தொடங்கிவிட்டது. கித்தானுக்கு அடியில் அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் இப்போதே இருமிக்கொண்டிருந்தார்கள். கூரை இல்லாமல் மழை பிடித்துக்கொண்டால் மண் சுவர் மூன்றும் கரைந்துபோகும். கடன் மட்டும் கரையாது.

எல்லாவற்றையும் சொன்னேன். தாசில்தார் கெட்ட மனுஷர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். வீட்டுக்கு நாலு சுவரும் சொந்தமாக இருந்தாக வேண்டும் என்றார். நான் விடாமல் நின்றதும் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கு அந்த மனுஷன் வீட்டை வித்துட்டா, வாங்கினவன் வந்து சுவரைக் கேட்பான்யா. அன்னைக்கு இந்தப் பொம்பளைக்கு நீ போய்ச் சுவரா நிப்பியா?"

கருங்கல்

தோற்றுப்போய்த் திரும்பிக் காலனிக்குப் போனேன். எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சொந்தமாக ஒரு சுவர் எழுப்பினால்தான் கையெழுத்து என்று சொன்னேன். ராசம்மா புருஷனைப் பார்த்தார். மாரிமுத்து அதிகம் பேசாத ஆள். இந்த ஈரத்தில் மண் சுவர் காயாது என்று மட்டும் சொன்னார். உண்மைதான். காயாத சுவரில் தகரத்தை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து பிள்ளைகள் தலையில் இறங்கும். கல்லில் கட்டலாம், ஆனால் கல்லுக்கு எங்கே போவது? எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. இந்த வேலைக்கு வந்ததற்கு மாடு மேய்க்கப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

சின்னசாமியின் முற்றத்தில் கொத்திய கருங்கல் ஒரு குவியல் கிடந்தது. சந்துக்கு வெளியே தன் எல்லையில் மதில் கட்டுவதற்கு வாங்கிப் போட்டது. அவர் கயிறு வரைக்கும் வந்தார், கல்லைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். எப்படியும் இந்தக் கோட்டில் ஒரு சுவர் வைக்கப்போகிறவர்தானே தான், நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்றார். மறுநாள் மாரிமுத்து கல் அடுக்க, ராசம்மா மண் குழைக்க, சின்னசாமி தூக்குக்குண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டி வைத்தார். ஒரு வரிசை ஒரு நூல் சாய்ந்துவிட்டதென்று மொத்தத்தையும் பிரிக்கச் சொன்னார். மாரிமுத்து பிரித்துத் திரும்ப அடுக்கினார்.

ஆனால் ஆரம்பிக்கும்போதே அவர் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். சுவர் முழுக்கக் கயிற்றுக்கு ராசம்மா பக்கம் நிற்க வேண்டும். அவர் பக்கம் ஒரு நூல் வரக் கூடாது. எனக்குப் புரியவில்லை. கல் உங்களுடையது, உழைப்பில் பாதி உங்களுடையது, சுவர் உங்கள் பக்கம் நின்றால் என்ன, குறைந்தபட்சம் கோட்டின் நடுவிலாவது நிற்கட்டுமே என்றேன். அவர் தூக்குக்குண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "என்ற பக்கம் நின்னா அது என்ற சுவருங்க. அப்புறம் மறுபடியும் அவங்க ஊட்டுக்கு மூணு சுவருதானுங்களே."

இரண்டு அங்குலம்

சுவர் எழும்பி முடிந்த அன்றைக்கே எல்லைக் கல்லை நட்டுக் கையெழுத்துப் போட்டேன். தகரம் வந்து, ஏற்றி, ஆணி அடித்து முடித்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கித்தானை மடித்துப் பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்திருந்ததை வழியில் போகும்போது பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி இவர்கள் மனு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் ஆகியிருக்கும். சின்னசாமி சொட்டச் சொட்ட நனைந்த குடையோடு தாலுகா ஆபீசுக்கு வந்து நின்றார். பழைய சந்துதான் விஷயம். முன்னாலும் பின்னாலும் ராசம்மா எல்லை தாண்டிக் கட்டிய சுவரின் மிச்சம் அப்படியே அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கூரைத் தண்ணீரும் நடுவில் விழுந்து சந்து தொட்டியாகிவிட்டது. மிச்சச் சுவரை இடித்துத் தள்ளினால் அரை நாள் வேலை. நிற்பதும் அவர் இடத்தில்தான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு இடிக்கிற உத்தேசம் இல்லை. தன் சுவரிலிருந்து ராசம்மாவின் புதுச் சுவருக்குத் தகரம் போட்டு மூடி, அதற்குள் தன் அடுப்பைக் கொண்டுவந்து, இப்போது புதுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்ட ராசம்மாவின் அடுப்புக்கு முதுகு கொடுத்தாற்போல வைக்கப் போகிறாராம். புதுச் சுவர் வந்த பிறகு தன் கட்டிலோரம் குளிர்ந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. தகரத்தின் ஓரம் அந்தச் சுவர் மேல் இரண்டு அங்குலம் ஏறும். அதற்கு யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

சுவர்க்காரியிடம் கேளுங்கள், என்னை விடுங்கள் என்றேன். முறைப்படி நடக்க வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று மழையில் இழுத்துக்கொண்டு போனார். ராசம்மா வாசலுக்கு வந்தார். சின்னசாமி குடையை மடக்கி ஓரமாகச் சாத்தினார். "அம்மிணி, சந்துக்கு மேல தகரம் போடோணும். ஓரம் ரெண்டு அங்குலம் உங்க சுவத்து மேல ஏறுமுங்க. உங்களுக்குச் சம்மதமுங்களா?"

ராசம்மா சட்டென்று உள்ளே திரும்பினார். கோபமோ என்று நினைத்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. லயத்தில் காம்பரா துரையுடையது, கூரை துரையுடையது, சுவரும் துரையுடையது; சுண்ணாம்பு அடிப்பதானாலும் இடிப்பதானாலும் யாரும் உள்ளே இருப்பவர்களைக் கேட்பதில்லை. ஊரை விட்டுக் கப்பலேறச் சொன்னபோதும் யாரும் சம்மதமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர் உள்ளே போய்ப் புதுச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். மழையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன். உள்ளேயிருந்து ராசம்மாவின் குரல் மட்டும் வந்தது: "இன்னொருக்கா கேளுங்கண்ணே."

அவரும் அங்குலக் கணக்கு உட்பட முதலிலிருந்து மறுபடியும் கேட்டார் என்பதும், நான் கல் நட்டுக் கொடுத்த பிறகும் ஆக்கிரமிப்பு நடந்த அந்த ஒரே எல்லையைப் பற்றி மட்டும் இன்றுவரை மனு வரவில்லை என்பதும்தான் என் சர்வீஸில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மிஞ்சியவை.